குதிரைசக்தி எண்ணுறவங்களுக்கு

சூப்பர் பைக்னாலே "எத்தனை குதிரைசக்தி?"ன்னு மட்டும் கேட்குற மக்களே, 2009 யமஹா ஆர்1-ஐப் பாருங்க. பழைய மாடல் மாதிரியே 998 சிசி, நாலு சிலிண்டர். சக்தியும் பெருசா ஏறல. மாறினது கிராங்க்.

வழக்கமான நாலு சிலிண்டர் இன்ஜின்ல எல்லா பிஸ்டனும் ஒண்ணா நின்னு ஒண்ணா பாயும். அந்தக் குலுக்கல் பின்சக்கரம் வரைக்கும் போகும். நாம த்ராட்டில்ல கேட்ட விசை அதுல கலங்கிடும். கிராங்க் பின்களை 90 டிகிரிக்குத் திருப்பினா, ரெண்டு நிக்கும்போது மத்த ரெண்டு ஓடும். குலுக்கல் பெரும்பாலும் அடங்கிடும். வளைவுல டயர் பிடிமானம் ஓட்டுறவருக்குத் தெளிவா தெரியும். ரோஸ்ஸி 2004-ல ஓட்டின எம்1 ரேஸ் பைக்கோட வித்தை இது.

ஓசியில வரல. பேலன்சர் ஷாஃப்ட் வேணும், எடை கூடும். தெரிஞ்சேதான் செஞ்சாங்க. இதைப் போய் "சத்தத்துக்காகப் பண்ணது"ங்கிறாங்க! சத்தம் விளைவுங்க, நோக்கமில்ல. விளம்பரத்துல நம்பர் ஏத்துறது வியாபாரம். இருக்குற சக்தியை ஓட்டுறவர் கையில அடக்கித் தர்றதுதான்யா இன்ஜினியரிங்.