வீட்டுத் தோட்டம்: கொல்லையில் ஒரு நட்சத்திரம்

போன வாரம் எங்கள் மரத்துப் பழத்தை அரிந்து, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் போட்டு அனுப்பினேன். மூன்று கிண்ணங்கள், வெறுமனே திருப்பக் கூடாதென்று கொஞ்சம் சர்க்கரையோடு வந்தன. நாலாவது கிண்ணம் அனுப்பியது அனுப்பியபடியே திரும்பி வந்தது! அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் மரம்.

நட்சத்திரப் பழம் என்று கடையில் விற்கிறார்களே, அதுதான். பெரியவர்கள் தமரத்தங்காய் என்பார்கள். நீளவாக்கில் ஐந்து வரம்புகள் இருக்கும்; குறுக்கே அரிந்தால் ஒவ்வொரு வில்லையும் ஒரு நட்சத்திரம். குழந்தைகளுக்கு அதைப் பார்த்தாலே குஷி. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மரம் இது. இதன் சாஸ்திரப் பெயர் 'அவெரோவா'. 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வைத்தியரும் தத்துவ ஞானியுமான இப்னு ருஷ்தின் நினைவாக வைத்த பெயர்.

விதை போட்டால் நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். பழம் இனிக்குமா, புளிக்குமா என்பதும் நிச்சயமில்லை. ஆகவே இனிப்பு ரகத்தில் ஒட்டுக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். நல்ல வெயில் படும், ஆனால் பலத்த காற்று அடிக்காத மூலையாகப் பார்த்து, இரண்டடிக் குழி வெட்டி, செம்மண்ணும் மட்கிய சாணி எருவும் கலந்து நடுங்கள். வேர் காயக் கூடாது. அதற்காகத் தண்ணீர் தேங்கவும் கூடாது. உப்புத் தண்ணீர் விட்டால் இலை நுனி கருகிவிடும். இடமில்லாதவர்கள் பெரிய தொட்டியில் வைத்து, கிளைகளை வெட்டிக் குட்டையாக வளர்க்கலாம்.

ஊதா கலந்த ரோஜா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள், முற்றின கிளையில் கூடக் கொத்துக் கொத்தாக வரும். இருட்டினால் இலைகள் மடங்கித் தூங்கிவிடும். பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிட்டால் பழ ஈ அண்டாது. மஞ்சளாகப் பழுத்த பிறகு பறியுங்கள். பறித்து வைத்தால் இனிப்பு ஏறாது. புளிப்புக் காயில் ஊறுகாய் போடலாம். பித்தளைப் பாத்திரம் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் செய்யும் வேலை அது.

இனி அந்த நாலாவது கிண்ணம். அதைக் கொண்டு வந்தவள் எதிர்வீட்டு மருமகள்.

"மாமி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாமனாருக்கு வாரம் மூன்று தரம் டயாலிஸிஸ் நடக்கிறது. இந்தப் பழம் அவர் கண்ணிலேயே படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

"ஒரே ஒரு வில்லை தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று என் வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை. விசாரித்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது.

இந்தப் பழத்தில் காரம்பாக்ஸின் என்று ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. பிரேஸில் நாட்டு விஞ்ஞானிகள் 2013-ல் அதைக் கண்டறிந்து சொன்னார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அது வெளியேறிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது மூளையைப் போய்த் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், வாந்தி. பிறகு நினைவுத் தடுமாற்றம், வலிப்பு. ஒரே பழம் தின்று உயிரிழந்தவர்களும் உண்டு. தெரியாமல் தின்றுவிட்டால், வெறும் விக்கல்தானே என்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. நெடுநாள் சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மற்றவர்களும் புளிப்புக் காயைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம். ஆக்ஸாலிக் அமிலம் நல்ல சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மரத்தை வெட்டிவிடச் சொல்லவில்லை, சகோதரிகளே! ஆசையாய் வளர்த்த மரம், எங்கள் வீட்டில் இன்னும் காய்த்துக் குலுங்குகிறது. ஆனால் இப்போதெல்லாம், "உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரகத்தில் கோளாறு உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுகிறேன். கேட்பதில் வெட்கம் என்ன?

எதிர்வீட்டுக்கு மறுநாள் அதே கிண்ணத்தில் எங்கள் கொல்லை மல்லிகையைத் தொடுத்து அனுப்பினேன். கிண்ணம் சர்க்கரையோடு திரும்பி வந்தது.