குறை கூறும் முறை

பிறர் படைப்பில் குறை காண்பது எளிது. அக்குறையை அவர் மனமுவந்து திருத்திக்கொள்ளுமாறு எடுத்துரைப்பது அரிது. உருசிய நாட்டு இசைப்படைப்பு ஒன்றின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சைக்கோவ்ஸ்கி மாஸ்கோ இசைக்கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். அவர் 1874ஆம் ஆண்டின் இறுதியில், தம் 34ஆம் வயதில், பியானோவிற்கும் பெரிய இசைக்குழுவிற்கும் உரிய நெடிய படைப்பொன்றை இயற்றினார். பியானோ ஒன்று தனித்து நின்று இசைக்கும். இசைக்குழு அதற்கு மறுமொழி கூறும். சில இடங்களில் இரண்டும் இணைந்து முழங்கும். இத்தகைய படைப்பைக் கான்செர்ட்டோ என்பர். கண்ணிழந்த இரவலர் பாடிவந்த உக்ரேனிய நாட்டு மெட்டு ஒன்றையும் அவர் இதில் அமைத்தார்.

சைக்கோவ்ஸ்கி பியானோ வாசிப்பில் பெரும்புலவர் அல்லர். ஆகவே, பியானோப் பகுதி வாசித்தற்கு ஏற்றவாறு உள்ளதா என அறிய விரும்பினார். கல்லூரித் தலைவரும் பியானோ வல்லுநருமான நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் முன்னிலையில் அதனை வாசித்துக் காட்டினார். முதற்பகுதி முடிந்தது, ரூபின்ஸ்டைன் வாய் திறக்கவில்லை. முழுவதும் முடிந்தபின் கடுஞ்சொற்கள் மழையெனப் பொழிந்தன. படைப்பு பயனற்றது என்றும், வாசிக்க இயலாதது என்றும் அவர் இகழ்ந்தார். ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே அச்சிடுவதாகச் சைக்கோவ்ஸ்கி விடையளித்தார். இச்செய்தியை 1878இல் தம் புரவலரான வான் மெக் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் அவரே கூறியுள்ளார்.

1875ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹான்ஸ் வான் பியூலோ அப்படைப்பை முதன்முதலாக அரங்கேற்றினார். அவையோர் அதனைப் பெரிதும் வரவேற்றனர்.

சைக்கோவ்ஸ்கியின் மறுப்புச் செருக்கே என்பார் சிலர். அஃது உண்மையாயின், அடுத்து நிகழ்ந்ததற்கு விளக்கம் காண்பது அரிது. 1876இல் டான்ராய்தர் என்னும் கலைஞர் அதனை இலண்டனில் வாசித்தார். வாசித்துப் பழகிய பின்னரே, பியானோப் பகுதியில் செய்யத்தக்க சில மாற்றங்களை அவர் எழுதியனுப்பினார். சைக்கோவ்ஸ்கி அவற்றை நன்றியுடன் ஏற்றார். 1879இல் திருத்திய பதிப்பும் வெளிவந்தது.

ஆகவே, ரூபின்ஸ்டைன் கூற்றில் உண்மையே இல்லை எனல் பொருந்தாது. திருத்தத்திற்கு இடம் இருந்தது. ஆயின், உண்மையைச் சுமந்து வந்த சொல் சுட்டது. சுட்டதனால் உண்மை உள்ளே புகவில்லை. டான்ராய்தரோ படைப்போடு பழகினார். அதன் அருமையை உணர்ந்தார். அதன்பின் குறையைச் சுட்டினார். இகழ்ச்சி மூடிய கதவை அன்பு திறந்தது.

ரூபின்ஸ்டைனின் பெருமையையும் மறத்தலாகாது. அவர் அதே 1875இல் மாஸ்கோவில் அப்படைப்பை இசைக்குழுத் தலைவராக நின்று நடத்தினார். 1878இல் தாமே பியானோவில் அமர்ந்து வாசித்தார். தாம் இகழ்ந்ததைத் தம் கையாலேயே போற்றுதல் சிறியோர்க்கு இயலாத செயல்.

தோழனின் கட்டுரையையோ ஓவியத்தையோ மதிப்பிடும் மாணவர் இம்மூவரையும் நினைவில் கொள்வாராக. முதலில் முழுதும் உணர்தல் வேண்டும். பின்னர் இனிது உரைத்தல் வேண்டும். தம் கருத்துப் பிழையெனக் கண்டால் நாணாது மாற்றிக்கொள்ளல் வேண்டும்.