ஆப்ஷனில் ‘அமெரிக்கன்’, ‘ஐரோப்பியன்’ என்றால் என்ன?

“மஞ்சள் விற்ற பணத்தில் ஒரு லட்சத்தை ‘ஆப்ஷன்’ வாங்கப் போடலாம் என்கிறான் மகன். விலை இறங்கினாலும் நஷ்டம் வராது, வேண்டும்போது பணமாக்கிக்கொள்ளலாம் என்கிறான். அதில் அமெரிக்கன், ஐரோப்பியன் என்று வகைகள் உண்டாமே... அவன் சொல்வது சரியா?”

– வாசகர், ஈரோடு மாவட்டம்

மகன் சொல்வதில் பாதிதான் சரி.

ஆப்ஷன் என்பது ஓர் உரிமை. குறித்த விலைக்கு விற்கும் உரிமை ‘புட்’. வாங்கும் உரிமை ‘கால்’. அதற்காகக் கட்டும் தொகை ‘பிரீமியம்’. பயிர்க் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் போல, இதுவும் திரும்பி வராது.

அந்த உரிமையை எந்த நாளில் பயன்படுத்தலாம் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

அமெரிக்கன்: கெடு முடியும்வரை எந்த வேலை நாளிலும் பயன்படுத்தலாம்.
ஐரோப்பியன்: கெடு முடியும் நாளில் மட்டும்.
பெர்முடன்: முன்கூட்டியே குறித்த சில தேதிகளில் மட்டும்.

இந்தப் பெயர்களுக்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் மக்காச்சோள ஆப்ஷன் அமெரிக்கன் வகை. இந்தியாவில் நிஃப்டி ஆப்ஷன் தொடக்கம் முதலே ஐரோப்பியன் வகை. தனி நிறுவனப் பங்குகளின் ஆப்ஷன்கள் முதலில் அமெரிக்கன் வகையாக இருந்து, 2011-ல் ஐரோப்பியனுக்கு மாறின. 2017-ல் தங்கத்தில் தொடங்கிய சரக்கு ஆப்ஷனும் ஐரோப்பியன் வகையே.

கணக்குக்காக ஓர் உதாரணம். குவிண்டால் 12,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையை 400 ரூபாய் பிரீமியத்தில், மூன்று மாதக் கெடுவில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் விலை 9,000-க்கு இறங்கி, கெடு நாளில் 12,500-க்கு ஏறிவிடுகிறது. அமெரிக்கன் வகை என்றால், இரண்டாம் மாதமே உரிமையைப் பயன்படுத்தி 3,000 ரூபாய் பெறலாம். பிரீமியம் போக 2,600 மிச்சம். ஐரோப்பியன் வகையில் கெடு நாள்வரை காத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. 400 ரூபாயும் போய்விடும்.

இடையில் அந்த ஆப்ஷனையே வேறொருவருக்கு விற்றுவிடலாம். ஆனால், நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்க வேண்டும். வியாபாரம் குறைவாக நடக்கும் சரக்குகளில் அது நிச்சயமில்லை. ‘வேண்டும்போது பணமாக்கலாம்’ என்ற பேச்சில் உள்ள ஓட்டை இதுதான்.

அடுத்தது, ‘நஷ்டம் வராது’ என்பது. கிடங்கில் மஞ்சள் இருந்து, அதே மஞ்சளுக்குப் புட் வாங்கினால் அது பாதுகாப்பு. விலை ஏறினால் பிரீமியம் மட்டும் போகும். சரக்கு நல்ல விலைக்கு விற்கும். கையில் சரக்கே இல்லாமல் நிஃப்டி ஆப்ஷன் வாங்குவது வெறும் பந்தயம். கட்டிய ஒரு லட்சமும் போகலாம். ஆப்ஷனை எழுதி விற்பவருக்கோ நஷ்டம் அதற்கு மேலும் போகும். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக ‘செபி’ ஆய்வு சொல்கிறது.

எல்லா விளைபொருளுக்கும் இந்த வசதி கிடையாது. பாசுமதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு உள்ளிட்ட ஏழு பொருள்களின் முன்பேர வணிகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்தியது. அந்தத் தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது.

ஆகவே, மகனிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பொருளின் மீது ஆப்ஷன்? வாங்குவதா, எழுதி விற்பதா? கெடு நாள் எது? தரகர் செபியில் பதிவு பெற்றவரா? நான்குக்கும் தெளிவான பதில் வரும்வரை, மஞ்சள் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.