காலி மில்லும் குடியிருந்த வீடும்

மான்செஸ்டர் நகரின் மையத்தில் ஆஃப்லெக்ஸ் பேலஸ் என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. 1980-களில் அதன் மாடிகளைச் சிறுசிறு கடைகளாகத் தடுத்து இளைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் விட்டார்கள். பல்கலைக்கழகத்தில் அரசியலும் நவீன வரலாறும் படிக்க வந்த டாம் பிளாக்ஸம் அங்கே போஸ்டர் விற்றார். தேவைக்கு மேல் இடம் எடுத்து, மிச்சத்தை மற்ற கடைக்காரர்களுக்கு உள்வாடகைக்கு விட்டார். போஸ்டரில் வந்ததைவிட உள்வாடகையில்தான் கையில் அதிகம் நின்றது.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் அர்பன் ஸ்பிளாஷ் நிறுவனம். 1993-இல் கட்டடக் கலைஞர் ஜொனாதன் ஃபாக்கிங்கமுடன் சேர்ந்து பிளாக்ஸம் அதைத் தொடங்கினார். முப்பதாண்டுகளில் இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்களில் அவர்கள் கைவைத்த கட்டடங்களின் பட்டியல் நீளமானது: லிவர்பூலில் தீப்பெட்டித் தொழிற்சாலை, பர்மிங்காமில் டன்லப் டயர் கிடங்கு, பிளிமத்தில் கடற்படையின் உணவுக் கிடங்கு, மோர்கம் கடற்கரையில் 1933-இல் கட்டிய மிட்லண்ட் ஹோட்டல். கட்டடங்களைக் காப்பாற்றியவர் என்று பிளாக்ஸமைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. ஏழைகளின் இடத்தைப் பணக்காரர்களுக்கு மாற்றிக் கொடுத்தவர் என்று சாடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவை ஒரே கட்டடத்தைப் பற்றிய பேச்சு அல்ல.

முதலில் பாராட்டு. கோவைக்குப் பட்டப்பெயர் தந்த மான்செஸ்டரில், 1990-களின் தொடக்கத்தில் நகர மையத்தில் குடியிருந்தவர்கள் சில நூறு பேர்தான். பருத்தி போய்விட்டது, கிடங்குகளும் கடைகளும் பூட்டிக் கிடந்தன. அங்கே ஒருவர் வீடு வாங்குவார் என்று வங்கிகள் நம்பவில்லை. ஆஃப்லெக் அண்டு பிரவுன் என்ற பழைய பெருங்கடையை பிளாக்ஸமின் நிறுவனம் ஸ்மித்ஃபீல்டு பில்டிங்ஸ் என்ற குடியிருப்பாக மாற்றியது. உயர்ந்த கூரை, பூசாத செங்கல் சுவர், வெளியே தெரியும் இரும்புத் தூண்கள் என்று, குறையாகக் கருதப்பட்டவையே விற்பனைச் சரக்காயின. ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் வந்தது, வெளியேற்றப்பட்டவர் யாருமில்லை.

பிராட்ஃபோர்டில் செய்தது இதைவிடப் பெரிய காரியம். மானிங்ஹாம் மேட்டில் 1870-களில் சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் கட்டிய பட்டு மில்லின் புகைபோக்கி 76 மீட்டர் உயரம். உச்சத்தில் சுமார் 11,000 பேர் வேலை பார்த்த இடம் அது. 1890-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கே நடந்த வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்துத் தோற்றது. அந்தத் தோல்வியின் சூட்டில்தான் 1893-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி அதே ஊரில் உருவானது. மில் 1992-இல் மூடப்பட்டது. அதன்பின் கூரை ஒழுகி, ஜன்னல்கள் உடைந்து, ஊரே அண்ணாந்து பார்க்கும் இடத்தில் அது பாழாய் நின்றது. அர்பன் ஸ்பிளாஷ் முதலில் பட்டுக் கிடங்கையும் பிறகு வெல்வெட் மில்லையும் வீடுகளாக்கியது. வெல்வெட் மில்லின் உச்சியில் புதிய வீடுகளையும் ஏற்றியது. தொழிலாளர் இயக்க வரலாற்றின் ஒரு துண்டு இடிபடாமல் நிற்கிறதென்றால் அதில் இந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு.

பங்குதான், முழு உரிமை அல்ல. லிஸ்டர் மில்லுக்கு வட்டார வளர்ச்சி முகமையின் பணம் வந்தது; பாரம்பரியக் காப்பு அமைப்பின் மானியமும் வந்தது. பழைய கட்டடத்தில் செலவு எங்கே முடியும் என்று தொடங்கும்போது தெரியாது. தரையைப் பெயர்த்தால்தான் விட்டம் உளுத்தது தெரியும். முடிந்தபின் கிடைக்கும் விலை செலவுக்கு ஈடாகாத ஊர்களில் அந்தப் பள்ளத்தை அரசுதான் நிரப்பியாக வேண்டும். வரியும் எதிராக நிற்கிறது. பிரிட்டனில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது; இருக்கிற வீட்டைச் செப்பனிட்டால் பொதுவாக 20 சதவீதம். சில வகை மாற்றங்களுக்குச் சலுகை இருந்தாலும், இடித்துக் கட்டுகிறவருக்கே சாதகமான ஏற்பாடு இது. செப்பனிடுவதற்கான வரியை 5 சதவீதமாகக் குறைக்கச் சொல்லி அந்நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் இதழொன்று 2019-இல் ஓர் இயக்கமே தொடங்கியது. நியாயமான கோரிக்கை.

2008-இல் சந்தை சரிந்தபோது அர்பன் ஸ்பிளாஷ் பலத்த அடி வாங்கியது, ஆட்களைக் குறைத்தது. அப்போது கையில் இருந்த மிகப் பெரிய வேலை ஷெஃபீல்டின் பார்க் ஹில். அது பாதியில் நிற்காமல் பார்த்துக்கொண்டது அரசின் வீட்டுவசதிப் பணம்.

பார்க் ஹில்லில்தான் கதை மாறுகிறது. அது மில்லோ கிடங்கோ அல்ல. மாநகராட்சி கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. சேரிகளை அகற்றிவிட்டு 1957-க்கும் 1961-க்கும் இடையில் ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்ற இரு இளம் கலைஞர்களின் வடிவமைப்பில் எழுந்த 995 வீடுகள். சரிவில் நிற்கும் கட்டடத்தின் கூரை மட்டம் ஒரே கோட்டில் போகும். மேட்டில் நான்கு மாடி, பள்ளத்தில் பதின்மூன்று. வீட்டு வாசல்கள் மூன்று மீட்டர் அகல நடைபாதைகளில் திறந்தன. பால் வண்டி அதில் ஓடி வாசலில் பால் போட்டது. இடித்த தெருக்களின் பெயர்களையே அந்த நடைபாதைகளுக்கு வைத்தார்கள்: நாரிச் ரோ, லாங் ஹென்றி ரோ, கில்பர்ட் ரோ.

எஃகு ஆலைகள் மூடின, வேலை போயிற்று, பராமரிப்பும் தேய்ந்தது. 1998-இல் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததால் இடிக்க முடியவில்லை. மாநகராட்சி அர்பன் ஸ்பிளாஷைத் தேர்ந்தெடுத்தது. முதல் கட்டத்தில் கான்கிரீட் சட்டகம் மட்டும் எலும்புக்கூடாக நிற்க, செங்கல்லை எல்லாம் எடுத்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமான அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். 2013-இல் அது கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது.

குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். முழுக்க மாநகராட்சி வாடகை வீடாக இருந்த இடத்தில் இப்போது ஒரு பகுதிதான் குறைந்த வாடகைக்கு. மற்றவை சந்தை விலைக்கு. ஒரு முழுக் கட்டம் மாணவர் விடுதி. உயரத்தில் இருக்கும் பாலமொன்றில், தன் காதலியின் பெயரை எழுதி, ‘உன்னைக் காதலிக்கிறேன், கல்யாணம் செய்துகொள்வாயா’ என்று யாரோ ஓர் இளைஞர் முன்பு கிறுக்கியிருந்தார். நிறுவனம் அந்த வரியின் மேல் நியான் விளக்கு பொருத்தி விளம்பர அடையாளமாக்கியது. விளக்கில் அந்தப் பெண்ணின் பெயர் சேர்க்கப்படவில்லை. அவர் 2007-இல் புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். வாசகத்தை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்ட அந்தச் செயல் மனதை உறுத்துகிறது. மொத்தத் திட்டத்தின் மேலும் அதே உறுத்தல் படிகிறது.

பிளாக்ஸம் ஒருவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவர் தொழில் செய்தார், துணிந்து செய்தார், சிலவற்றில் தோற்றார். ஆலையில் செய்து இறக்கும் வீடுகளுக்காக ஜப்பானிய நிறுவனமொன்றையும் அரசையும் கூட்டுச் சேர்த்துத் தொடங்கிய கிளை 2022-இல் நொடித்தது. கேள்வி பொதுப் பணத்தைக் கையாள்கிறவர்களுக்கானது. காலி மில்லுக்குப் பொருந்திய ஒப்பந்தத்தையே குடியிருந்த வீட்டுக்கும் எழுதலாமா? மில்லில் காக்க வேண்டியது சுவர். குடியிருப்பில் சுவரோடு சேர்த்து, பக்கத்து வாசலில் யார் இருக்கிறார்கள் என்பதையும் காக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும் முன்பே, திரும்பி வர விரும்பும் பழைய குடித்தனக்காரர்களுக்கு எத்தனை வீடு, எந்த வாடகை என்று எழுதி வாங்கியிருக்க முடியும். சட்டப் பாதுகாப்பும் மானியமும் மாநகராட்சியின் நிலமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலையில், பேரம் பேசும் பலம் அரசுத் தரப்பிடம்தான் இருந்தது.

பார்க் ஹில்லின் இரண்டாம் கட்டத்தை மிகைல் ரிச்சஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. முதல் கட்டத்தில் செய்ததுபோல் செங்கல்லை அகற்றாமல், இவர்கள் அதைக் கழுவித் துடைத்து அப்படியே வைத்துக்கொண்டு, உள்பக்கம் வெப்பக்காப்பு கொடுத்தார்கள். 2024-இல் அதுவும் ஸ்டிர்லிங் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. செங்கல் விஷயத்தில் தவறு திருத்தப்பட்டுவிட்டது. குடித்தனக்காரர்கள் விஷயத்தில் அது இன்னும் நடக்கவில்லை.