ஐயம் சான்றாகாது

ஓர் அலுவலகத்தில் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நம் கண் யார்மீது பாய்கிறது? சாவி வைத்திருப்பவர்மீது, அண்மையில் வீடு கட்டியவர்மீது, மகளுக்குத் திருமணம் முடித்தவர்மீது. "அவன்தான் எடுத்திருப்பான்" என்று தேநீர்க் கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விசாரணை அதன் பிறகுதான் தொடங்குகிறது. தீர்ப்புக்குப் பின் நடப்பது விசாரணையாகுமா?

நண்பர்களே, இவ்வினா எனக்கு ஏட்டில் பிறந்ததன்று, வீட்டில் பிறந்தது. என் தந்தையார் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது சங்கக் கணக்கில் 18,600 ரூபாய் குறைந்தது. உறுப்பினர்கள் கூடியிருக்க, "பணத்தை எங்கே வைத்தாய்?" என்று கேட்டார் செயலாளர். "வங்கியில் கட்டிவிட்டேன்" என்றார் அப்பா. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்; உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்க்கவில்லை. மறுநாளே தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

நான்கு மாதம் கழித்து வந்த தணிக்கையாளர், வங்கியிடமிருந்து நேரே விவரம் வரவழைத்துப் பார்த்தார். அத்தொகை சங்கத்தின் வேறொரு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது! வங்கி முத்திரையிட்ட சலான் அடிச்சீட்டு அதே அலமாரியில் கிடந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால், மாலையில் நண்பர்களோடு அமர்ந்து பேசும் அந்தத் தேநீர்க் கடைக்கு அப்பா இன்றுவரை போனதில்லை.

ஒரு சிறு சங்கத்தில் நடந்தது பெரிய நிறுவனங்களில் நடக்காது என்று எண்ண வேண்டா. பிரிட்டனின் அஞ்சலக நிறுவனம் 1999 முதல் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறையைத் தன் கிளைகளில் புகுத்தியது. கணினி பணக் குறைவு காட்டியபோதெல்லாம் கிளை நடத்தியவர்களே திருடர்களாகக் கருதப்பட்டனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். சிறை சென்றோர் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. அவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனமே தொடுத்தது. பணத்தை இழந்தேன் என்றவரே துப்புத் துலக்கினார்; அவரே வழக்கும் நடத்தினார்! 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அக்கணினி முறையில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. இறுதியில் 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்கியது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஐதராபாத்தில் அரங்கேறியது. 2009 ஜனவரி 7ஆம் நாள், சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தாமே கடிதம் எழுதினார். வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் தாமே வங்கிக்கு அனுப்பி நேரே பெறாமல், அந்தப் பொறுப்பை நிறுவனத்திடமே விட்டிருந்தனர்.

சிறியவரை ஐயுற்றோம், பெரியவரை நம்பினோம். இரண்டு இடத்திலும் சரிபார்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே?

அப்படியானால் முறையான விசாரணை எப்படி இருக்க வேண்டும்? நான் கற்றறிந்த அளவில் நான்கு செய்திகளைச் சொல்வேன்.

முதலாவது, ஆளைத் தேடுமுன் ஆவணத்தைக் காக்க வேண்டும். பேரேடு, ரசீதுப் புத்தகம், சலான் ஆகியவற்றின் மூலப்படிகளை முத்திரையிட்டு வைத்து, நகல்களைக் கொண்டே ஆராய வேண்டும். கணினியாயின், அறிந்தவரைக் கொண்டு முழுப் படியெடுக்கும்வரை எவரும் அதைத் தொடலாகாது. எதை, யார், எந்நேரத்தில் எடுத்து யாரிடம் ஒப்படைத்தார் என்பதைக் கையொப்பத்துடன் பதிய வேண்டும்.

இரண்டாவது, விசாரிப்பவர் அந்தக் கணக்கோடு தொடர்பற்றவராயிருக்க வேண்டும். வங்கியிடமும் சரக்கு விற்றவரிடமும் அவரே நேரடியாக உறுதி பெற வேண்டும்.

மூன்றாவது, ஐயத்திற்குரியவரைக் கடைசியில்தான் விசாரிக்க வேண்டும். நடைமுறை அறிந்த மற்றவர்களை முதலில் கேட்க வேண்டும். "ஏன் எடுத்தாய்?" என்பது கேள்வியன்று, குற்றச்சாட்டு. "அன்று பணம் யார் யார் கை வழியாகப் போயிற்று?" என்பதே கேள்வி. மிரட்டலும் கூடாது, ஆசை காட்டலும் கூடாது. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும்.

நான்காவது, குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, ஆவணங்களைக் காட்டி, மறுமொழி கூற வாய்ப்பளிக்க வேண்டும். அரசு ஊழியர்க்கு நம் அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு தரும் காப்பு இதுவே. தனியார் கடையில் கணக்கெழுதும் ஏழைக்கும் இது கிடைக்க வேண்டாமா?

"இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் திருடன் தப்பிவிடுவானே!" என்பார் சிலர். நான் உடன்படேன். தவறான ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு நாம் நிறைவடையும்போதுதான் உண்மைத் திருடன் தாள்களைக் கிழிக்கிறான். ஆவணத்தை அன்றே முத்திரையிடுவது நிரபராதிக்கும் காப்பு, திருடனுக்கும் பூட்டு.

மேலும், கையாடல் புரிந்தோரை ஆராய்ந்த டொனால்டு கிரெசி என்னும் அமெரிக்க அறிஞர் 1953இல் எழுதிய நூலிலிருந்து மூன்று காரணங்களைச் சுட்டுவர்: வெளியே சொல்ல முடியாத பணமுடை, எடுக்க வாய்ப்பு, "பிறகு வைத்துவிடலாம்" என்னும் தன்னமைதி. இவற்றுள் நிறுவனத்தால் அடைக்கக்கூடிய கதவு வாய்ப்பு ஒன்றே. பணம் வாங்குபவரே கணக்கும் எழுதி, அவரே வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் அக்கதவு திறந்தே கிடக்கும். எனவே விசாரணை அறிக்கை, எடுத்தவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், எந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் வணிகவியல் வகுப்பில் தணிக்கையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறோம். பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பருவத்திற்கு ஒரு முறையேனும், ரசீதுகளும் பேரேடும் தந்து ஒரு மாதிரி விசாரணை நடத்தச் செய்யுங்கள். நாளை நம்மில் சிலர் தணிக்கையாளராகலாம், சிலர் செயலாளராகலாம், பலர் காசாளராகவே இருப்போம். ஒருவரை நோக்கி விரல் நீட்டுமுன் அலமாரியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நமக்கு இங்கேயே வந்துவிட வேண்டும்.

அப்பா இன்றும் மின்கட்டணச் சீட்டைக்கூட எறிவதில்லை. ஒரு பழைய தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்.