பெருசுகளுக்கு ஊசி குத்தறதுக்கு முன்னாடி

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம், வைட்டமின் டி எப்படிங்க குறையும்?" என்கிறவர்கள் ஒரு பக்கம். முகாம்னு பந்தல் போட்டு, நல்லா நடமாடுற பெருசுகளுக்கும் ரத்தம் எடுத்து ஆயிரத்துக்கு மேல வாங்குறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேச்சும் எனக்கு ஒப்பலீங்க.

வெயில் ஊர்ல அடிச்சா போதுமா, மேல படணுமே? காட்டு வேலையை விட்டுத் திண்ணையோட முடங்கினவங்க மேல எங்க படுது? கறுத்த தோலுக்கு அதிக நேரம் வேணும். வயசான தோல் இளவட்டத்துத் தோல்ல பாதிகூடச் செய்யாது. காலை இளவெயிலிலும் அந்தச் சத்து கம்மி. நம்ம நிழல் நம்மளைவிடக் குட்டையா விழற நேரத்து வெயில்தான் உதவும்.

இதுக்கு ரத்தம் வேண்டாம், கேட்டாலே தெரியும். அப்பத்தா வெளியே வந்து எத்தனை நாளாச்சு? குத்தவெச்சா கை ஊணாம எந்திரிக்குதா? கெண்டைக்கால் முன்னெலும்பை அமுக்கினா வலிக்குதா? வாத்தாட்டம் ஆடி நடக்குதா? வலிப்பு மாத்திரை சாப்பிடுதா?

அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024ல சொல்லிருச்சு: ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு வழக்கமா இந்தச் சோதனை வேண்டாம், 75 தாண்டினவங்களுக்குச் சோதிக்காமலே தினமும் சின்ன அளவுல கொடுக்கலாம்னு. கிட்னிக் கோளாறு, கல்லடைப்பு இருந்தா டாக்டர் சொல்ற சோதனையைச் செய்யுங்க. ஆனா மருந்துக்கடையில 60,000 யூனிட் மாத்திரையை நீங்களே வாங்கித் தினமும் போட்டுடாதீங்க. அது வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் எழுதற சரக்கு.