கண்ணாடியின் கீறல்

கைவேலை என்றால் நாலு பழுதாகத்தான் செய்யும், அதற்கொரு கணக்கும் விசாரணையும் எதற்கு என்னும் அபிப்பிராயம், மானகிரியில் பஸ்ஸை விட்டிறங்கி ஆத்தங்குடிப் பக்கம் போகிறவன் காதில் ஒரு தரமாவது விழாமல் இராது. பழுதுதான் கைவேலைக்கு அழகு என்று அதையே அலங்கரித்துச் சொல்லும் பட்டணத்து ரசிகர்களும் உண்டு. பூவிதழ் ஒன்று சற்றே சாய்ந்திருப்பது கையின் ஜீவன் என்பதும், ஓரம் உதிர்வதும் வர்ணத்துக்குள் வர்ணம் கசிவதும் காசு கொடுத்தவனுக்கு நஷ்டம் என்பதும் வேறு வேறு என்ற பேதம் இவர்களுக்குத் தெரியாது.

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூவச்சை இறக்கி, வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாகக் கரண்டியால் ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்து, உலரவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடி கழன்றபின் அதன் பளபளப்பே கல்லின் முகத்தில் நிற்கும். மணலின் ஈரமும் குழம்பின் பதமும் ஊறிய நாளும் கண்ணாடியின் சுத்தமும் கூடிச் செய்கிற கல்லில் பழுது வந்தால் மட்டும், ஊற்றிய கை ஒன்றே குற்றவாளியாக நிற்பது என்ன நியாயம்?

1924-இல் வால்ட்டர் ஷூவார்ட் என்னும் அமெரிக்கர், தொலைபேசிக் கருவி செய்யும் கம்பெனியில் இருந்தபோது ஒரே பக்கத்தில் எழுதிக்காட்டிய கட்டுப்பாட்டுப் படம், செய்முறையோடு பிறந்த ஏற்றத்தாழ்வையும் இடையில் புகுந்த காரணத்தையும் பிரித்தறியும் மார்க்கத்தைத் திறந்தது. அதை டெமிங் என்னும் மற்றோர் அமெரிக்கர் 1950-இல் ஜப்பானியருக்குப் போதிக்க, அவர் பெயரால் அவர்கள் ஏற்படுத்திய பரிசை 1998-இல் நம் நாட்டுச் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு பெற்றது. ஆலைக்காரர் சமாசாரம் நமக்கெதற்கு என்பார்கள். நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதுமே! எந்த லோடு மணல், எந்தக் கண்ணாடி, எத்தனை நாள் ஊறியது, எத்தனை கல் கழிந்தது என்று ஒரு மாதம் எழுதி, சந்தேகம் விழுந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

ஒரு பட்டறையில், மெல்லிய பிறைபோலத் தழும்பு விழுந்த மூன்று கற்கள் மூலையில் கிடந்தன. "கவனமா ஊத்தப்படாதாண்ணே?" என்று மேஸ்திரி சத்தம் போட, பெரியவர் பதில் பேசாமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். தழும்பு மூன்றிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இருந்தது. அவர் காலடியில் கிடந்த கண்ணாடியில் விரலை ஓட்டியபோது அதே இடத்தில் நகம் தட்டிற்று. சாயங்காலம் கூலியில் மூன்று கல் கழிக்கப்பட்டது. மறுநாள் காலையில் அந்தக் கண்ணாடியின்மேல் நாலாவது கல்லுக்குச் சட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.